அமெரிக்க ஹைஸ்கூல் ஆங்கில வகுப்பில் பத்திரிகைக் கட்டுரையை அலசுவது: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பிள்ளை படிக்கும் வீடுகளில் இந்த வீட்டுப்பாடம் ஒருநாள் வந்தே தீரும். நாலைந்து பக்கப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அதை அலசி எழுதி வரச் சொல்வார்கள். பிள்ளை கட்டுரையில் இருப்பதையே அழகாகச் சுருக்கி எழுதிக்கொண்டு போகும். பாதி மார்க்தான் கிடைக்கும். ஏன் என்று வீட்டில் யாருக்கும் விளங்காது. நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் நிக்கலஸ் கார் 'தி அட்லாண்டிக்' இதழில் 2008 ஜூலை-ஆகஸ்ட்டில் எழுதியது. கூகுள் நம்மை முட்டாளாக்குகிறதா என்று தலைப்பிலேயே கேட்கிறது. இணையத்தில் மேய்ந்து மேய்ந்து, நீளமான எழுத்தில் ஊறிப் படிக்கும் திறனை இழந்துகொண்டிருக்கிறோம் என்பது அவர் வாதம். வகுப்புகளில் அதிகம் கொடுக்கப்படும் கட்டுரைகளில் இது ஒன்று.

ஆங்கில வகுப்பு என்றால் கதை, கவிதை, ஷேக்ஸ்பியர் என்றுதானே நினைத்தோம். பத்திரிகைக் கட்டுரை எங்கிருந்து வந்தது?

2010-இல் வெளியான காமன் கோர் பாடத் தரங்கள் ஒரு முக்கியக் காரணம். பெரும்பாலான மாநிலங்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன. சில மாநிலங்கள் பிறகு பெயரை மாற்றின, சில திருத்தின. ஆனாலும் அடிப்படை எதிர்பார்ப்பு பல இடங்களில் அப்படியே இருக்கிறது. இலக்கியம் ஒரு பக்கம், தகவல் சார்ந்த எழுத்து இன்னொரு பக்கம் என்று அவை பிரித்து வைத்தன. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அதில் ஒரு விதி உண்டு: எழுத்தாளரின் வாதத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும், தர்க்கம் சரியா, சான்று பொருத்தமானதா, போதுமானதா என்று மதிப்பிட வேண்டும், தவறான கூற்றுகளையும் கோணலான தர்க்கத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் வீட்டுப்பாடம் பெரும்பாலும் இந்த விதியிலிருந்து வந்ததுதான்.

பதினொன்றாம் வகுப்பில் பலரும் எடுக்கும் ஏபி லாங் (AP English Language, ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஆங்கிலம்) பாடம் முழுக்க முழுக்க இந்த வகை எழுத்தைச் சுற்றியே நடக்கிறது.

என் மகன் கட்டுரையை நன்றாகப் புரிந்துகொண்டுதான் எழுதினான். அப்புறம் ஏன் மார்க் குறைந்தது?

கட்டுரை என்ன சொல்கிறது என்று எழுதியிருப்பான். ஆசிரியர் கேட்டது வேறு. அந்தக் கட்டுரை வாசகரை எப்படித் தன் வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறது, அதில் எவ்வளவு தூரம் ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் அவர் கேட்கிறார். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஓர் இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கார் தன் கட்டுரையை ஒரு சினிமாக் காட்சியோடு தொடங்குகிறார். ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' படத்தில், விண்வெளி வீரர் ஹால் என்ற கணினியின் நினைவுச் சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். தன் அறிவு தன்னை விட்டுப் போவதை உணர முடிகிறது என்று கணினி கெஞ்சுகிறது. அடுத்த பத்தியிலேயே கார், தனக்கும் அதே உணர்வு இருப்பதாகச் சொல்கிறார்.

"கார் ஒரு திரைப்படக் காட்சியோடு கட்டுரையைத் தொடங்குகிறார்" என்று எழுதினால் அது சுருக்கம். "வாசகரின் கவனத்தை ஈர்க்க சினிமா உதாரணம் தருகிறார்" என்று எழுதுவதும் அலசல் ஆகாது, ஏனென்றால் உலகத்தில் எந்தக் கட்டுரையின் தொடக்கத்துக்கும் அந்த வாக்கியம் பொருந்தும். "ஹாலின் கெஞ்சலைத் தன் குரலாக மாற்றிக்கொள்வதால், தன் நினைவுகளை வெளியிலிருந்து யாரோ கழற்றுகிறார்கள் என்ற பயத்தை, ஒரு சான்றும் காட்டுவதற்கு முன்பே கார் வாசகர் மனதில் விதைத்துவிடுகிறார், தப்பு படிப்பவர்மேல் இல்லை, இயந்திரத்தின்மேல்தான் என்ற முடிவும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது." இப்படி எழுதினால்தான் அலசல். இந்த வாக்கியத்தை வேறு எந்தக் கட்டுரைக்கும் எடுத்து ஒட்ட முடியாது. பிள்ளை எழுதிய ஒவ்வொரு வரியையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள்.

எப்படிப் படிக்கத் தொடங்குவது? ஹைலைட்டரை எடுத்தால் பக்கம் முழுக்க மஞ்சளாகிவிடுகிறது.

முதல் தடவை பேனாவே வேண்டாம். சாதாரண வாசகராக ஒரே மூச்சில் படி. எங்கே சுவாரசியம் வந்தது, எங்கே எரிச்சல் வந்தது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்த உணர்வை அந்தக் கட்டுரைதான் உனக்குள் உண்டாக்கியது. எப்படி உண்டாக்கியது என்று பிறகு தேடலாம்.

இரண்டாம் தடவை ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் இரண்டு குறிப்பு எழுது: இந்தப் பத்தி என்ன சொல்கிறது, என்ன செய்கிறது. காரின் கட்டுரையில் ஃபிரெடரிக் டெய்லர் வரும் இடத்தைப் பார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில், தொழிலாளிகளின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தை வைத்து அளந்தவர் அவர். அந்தப் பத்தி சொல்வது டெய்லரின் கதை. செய்வது வேறு: இதுவரை 'என் கவனம் சிதறுகிறது' என்று போய்க்கொண்டிருந்த தனிமனிதப் புலம்பலை, ஒரு கம்பெனி நம் சிந்தனையையே ஆலைபோல நடத்தப் பார்க்கிறது என்ற குற்றச்சாட்டாக மாற்றுகிறது. கூகுள் சரியாக அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இரண்டாவது குறிப்பில் எழுதுவதெல்லாம் நேராக எஸ்ஸேவுக்குப் போகும்.

ஈத்தோஸ், பாத்தோஸ், லோகோஸ், சோப்ஸ்டோன்... இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தெரிந்து வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்றும் அரிஸ்டாட்டில் காலத்தியவை: பேசுபவர்மீது வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம். சோப்ஸ்டோன் என்பது யார் பேசுகிறார், எந்தச் சந்தர்ப்பம், யாருக்கு, எதற்காக, எதைப் பற்றி, எந்தத் தொனியில் என்ற ஆறு கேள்விகள். படிக்கும்போது இவை உதவும். எஸ்ஸேயை மட்டும் இவற்றை வைத்துக் கட்டக் கூடாது. முதல் பத்தி ஈத்தோஸ், இரண்டாவது பாத்தோஸ், மூன்றாவது லோகோஸ் என்று வரும் எஸ்ஸேக்களைப் படிக்கும்போது, எந்தக் கட்டுரையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதே மறந்துவிடுகிறது. பேர் சொல்லாமலேயே நுட்பத்தை விளக்கும் மாணவருக்கு நான் தாராளமாக மார்க் போடுவேன்.

சான்று போதுமா இல்லையா என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எழுதியவர் பெரிய ஆளாயிற்றே.

துறை அறிவு வேண்டியதில்லை. எழுதியவர் சொல்லும் முடிவு எவ்வளவு பெரியது, அதற்கு அவர் காட்டும் சான்று எவ்வளவு தூரம் போகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பதினைந்து வயதில் இதைத் தாராளமாகச் செய்ய முடியும். செய்தும் காட்டுகிறார்கள்.

காரின் சான்றுகளை வரிசையாக எடுப்போம். முதலில் அவர் சொந்த அனுபவம். பிறகு, அதே அனுபவம் தங்களுக்கும் உண்டு என்று சொல்லும் நண்பர்களும் வலைப்பதிவர்களும். இவர்கள் எல்லோரும் எழுத்தும் படிப்புமாக வாழ்பவர்கள். பெட்ரோல் பங்கில் வேலை செய்பவருக்கும் இப்படித்தானா என்று கட்டுரையிலிருந்து தெரியாது.

அடுத்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு. பிரிட்டிஷ் நூலகத்தின் தளம் ஒன்று, ஒரு கல்விக் கூட்டமைப்பின் தளம் ஒன்று, இரண்டுக்கும் வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணினிப் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஒரு கட்டுரையில் ஒன்றிரண்டு பக்கம் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவினார்கள். சரி. இது அந்தத் தளங்களில் மக்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டுகிறது. அதே ஆட்கள் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து நாவல் படிக்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று காட்டவில்லை. நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் புரட்டிப் பார்ப்பது இணையத்துக்கு முன்பும் இருந்ததுதானே?

எனக்குப் பிடித்த இடம் ஜெர்மன் தத்துவஞானி நீட்ஷே வருவது. 1882-இல் அவர் ஒரு தட்டச்சு இயந்திரம் வாங்கினார். கண்பார்வை மங்கிக்கொண்டே போனதால் கையால் எழுதுவது கஷ்டமாகிவிட்டது. இயந்திரம் வந்தபின் அவர் நடை இன்னும் இறுகி, தந்தி வாசகம்போல ஆகிவிட்டதாக ஒரு நண்பர் கவனித்தார். கருவி மாறினால் சிந்தனை மாறும் என்பதற்குக் கார் இதைக் காட்டுகிறார். அழகான கதை, மனதில் நிற்கிறது. ஆனால் ஒரு மனிதர், ஒரு நண்பரின் அபிப்பிராயம். அதோடு, கண் தெரியாமல் போவதே ஒருவரைச் சுருக்கமாக எழுத வைக்கலாம் இல்லையா? இந்தக் கேள்வியை எழுப்பத் தேவையான தகவல் முழுவதும் காரின் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை.

கார் நேர்மையானவர் என்பதையும் பிள்ளை கவனிக்க வேண்டும். தனிப்பட்ட அனுபவங்கள் மட்டும் பெரிதாக எதையும் நிரூபிக்காது, நீண்டகாலச் சோதனைகள் இன்னும் வரவில்லை என்று அவரே எழுதுகிறார். எழுத்து வந்தால் ஞாபகசக்தி போய்விடும் என்று சாக்ரடீஸ் பயந்ததையும் எடுத்துச் சொல்லி, தன் பயமும் அதுபோல இருக்கலாம் என்கிறார். இந்த ஒப்புதல் கட்டுரையின் எந்த இடத்தில் வருகிறது, வந்த பிறகும் வாதம் அதே வேகத்தில் போகிறதா என்று கேட்டுப் பார்த்தால் நல்ல ஒரு பத்தி கிடைக்கும்.

கட்டுரையில் எண்கள் வந்தால்?

அந்த எண் யாரை எண்ணியது, எப்படி எண்ணியது, கட்டுரையாளர் அதைத் தன் வார்த்தையில் சொல்லும்போது எவ்வளவு ஊதினார் என்று மூன்று படியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

நியூஸ்வீக் 1986 ஜூன் 2 இதழ் இதற்கு மறக்க முடியாத உதாரணம். படித்த, மணமாகாத வெள்ளையினப் பெண்களுக்குக் கல்யாண வாய்ப்பு எவ்வளவு என்று ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்ட கணிப்பை வைத்து அட்டைக் கட்டுரை எழுதினார்கள். நாற்பது வயதில் 2.6 சதவீதம் என்பது கணிப்பு. கட்டுரை அதோடு நிற்கவில்லை. அவர்கள் கல்யாணம் செய்துகொள்வதைவிடத் தீவிரவாதி கையில் சாகும் வாய்ப்பு அதிகம் என்று ஒரு வரியைச் சேர்த்தது. அப்படி யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அலுவலகக் குறிப்பில் மிகைப்படுத்திப் போட்ட ஒரு வரி அச்சுக்குப் போய்விட்டது. ஊரெல்லாம் அந்த வரியைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது. இருபது வருஷம் கழித்து, 2006-இல், கணிப்பு பலிக்கவில்லை என்று நியூஸ்வீக்கே ஓர் அட்டைக் கட்டுரை போட்டது. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. 2.6 என்ற எண்ணைவிட அதன்மேல் ஏற்றிவைத்த உவமைதான் வாசகரைப் பிடித்து ஆட்டியது.

தலைப்பு, அட்டை, படம் இவற்றைப் பற்றியும் எழுதலாமா?

கட்டாயம். தலைப்பைப் பெரும்பாலும் பத்திரிகையின் ஆசிரியர் குழுதான் வைக்கும். காரின் தலைப்பில் கூகுள் இருக்கிறது, முட்டாள் இருக்கிறது. உள்ளே போனால் பேச்செல்லாம் இணையம் முழுவதையும், ஆழ்ந்த வாசிப்பையும் பற்றியது. இந்த இடைவெளியை எழுதும்போது 'தலைப்பு' என்று எழுத வேண்டும். 'கார் இப்படித் தலைப்பு வைத்தார்' என்று அவர் தலையில் கட்டக் கூடாது.

படத்துக்கு, 1994 ஜூன் 27 தேதியிட்ட டைம், நியூஸ்வீக் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொலைக் குற்றச்சாட்டில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனைப் போலீஸ் எடுத்த அதே போட்டோ இரண்டிலும். நியூஸ்வீக் அப்படியே போட்டது. டைம் ஓவியர் ஒருவரிடம் கொடுத்து, தோலைக் கருமையாக்கி, ஓரங்களை இருட்டாக்கிப் போட்டது. வழக்கு விசாரணைக்கே வராத நேரம். கறுப்பு மனிதரை இன்னும் கறுப்பாக்கினால் இன்னும் பயங்கரமாகத் தெரிவார் என்ற எண்ணம் அதில் இருக்கிறது என்று கடும் கண்டனம் எழுந்தது. நான் வகுப்பில் இந்த இரண்டு அட்டையையும் எந்த விளக்கமும் இல்லாமல் காட்டுவேன். எந்த மனிதர் குற்றவாளிபோலத் தெரிகிறார் என்று முதலில் கேட்பேன். பதில் சொன்ன பிறகுதான் ஒரே போட்டோ என்று சொல்வேன். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் அவர்கள் சும்மா தாண்டிப் போவதில்லை.

கட்டுரையா விளம்பரமா என்றே சில நேரம் தெரியவில்லையே?

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், பணம் கொடுத்துப் போட்டது என்று தெளிவாகக் குறித்திருந்த விளம்பரத்தை நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் செய்தி என்றே நம்பினார்கள். பெரியவர்களின் பத்திரிகைகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. 2013 ஜனவரியில் அதே அட்லாண்டிக், சயன்டாலஜி என்ற மத அமைப்பின் விளம்பரம் ஒன்றைத் தன் கட்டுரை போன்ற வடிவத்தில் இணையத்தில் போட்டது. வாசகர்கள் கொதித்த பின் சில மணி நேரத்தில் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் உஷாராகிவிட வேண்டும்.

நல்ல பெயர் வாங்கிய பத்திரிகை என்றால் நம்பிவிடலாம்தானே?

ஓரளவுக்கு. நியூயார்க்கர் போன்ற இதழ்களில் தகவல் சரிபார்க்கவே தனிப் பிரிவு இருக்கிறது, அந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் 1998 மே மாதம் நியூ ரிபப்ளிக் இதழில் ஸ்டீபன் கிளாஸ் எழுதியது ஞாபகம் இருக்கட்டும். ஜுக்ட் மைக்ரானிக்ஸ் என்ற கம்பெனியின் கணினிக்குள் புகுந்த ஒரு பள்ளிச் சிறுவனின் கதை. ஃபோர்ப்ஸின் இணையப் பிரிவு நிருபர் அந்தக் கம்பெனியைத் தேடினார். அப்படி ஒரு கம்பெனியே இல்லை. கிளாஸ் எழுதிய 41 கட்டுரைகளில் 27-இல் முழுவதுமாகவோ பகுதியாகவோ கற்பனை கலந்திருந்தது பிறகு தெரியவந்தது. அவரே முன்பு அங்கே தகவல் சரிபார்த்தவர். ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நிருபர் செய்ததைத்தான் பிள்ளையும் செய்ய வேண்டும். பக்கத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், புது டேப் திறந்து, மேற்கோள் காட்டப்பட்ட ஆள் யார், அந்த ஆய்வைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் காட்டியிருக்கிறார்கள்.

கட்டுரையைத் திட்டி எழுதினால்தான் மார்க்கா? எனக்கு அந்தக் கட்டுரை பிடித்திருக்கிறது.

பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்றே எழுது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு நிபந்தனைதான்: எழுத்தாளரே படித்தால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி அவர் வாதத்தை முதலில் எடுத்து வை. ஒருவர் சொல்லாததை அவர் வாயில் திணித்து அதை அடிப்பதில் எந்தத் திறமையும் இல்லை. ஒத்துப்போகிறவர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் அதிகம். உனக்கு எந்த இடத்தில் நம்பிக்கை வந்தது, அது சான்றால் வந்ததா, உனக்கு முன்பே அந்த எண்ணம் இருந்ததால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தீசிஸ், அதாவது எஸ்ஸேயின் மைய வாதம், எப்படி எழுதுவது?

"கார் பல நுட்பங்களைப் பயன்படுத்துகிறார்" என்று எழுதினால் யாராவது மறுக்க முடியுமா? மறுக்க முடியாத வாக்கியத்தை வைத்து வாதாட ஒன்றும் இல்லை. இப்படி முயன்று பார்: "தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டு தொடங்கி, வரலாற்றுக் கதைகளை அடுக்கி, வாசகரின் சொந்தக் கவலையைக் கார் திறமையாகத் தூண்டுகிறார், ஆனால் அவர் சான்றுகள் நம் பழக்கம் மாறியதைக் காட்டும் அளவுக்கு, நம் திறனே போய்விட்டது என்பதைக் காட்டுவதில்லை."

ஏபி லாங் தேர்வில் அலசல் எஸ்ஸேக்கு மொத்தம் 6 மார்க்: தீசிஸுக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, சிந்தனை நுட்பத்துக்கு 1. அந்த நான்கில்தான் நேரத்தைப் போட வேண்டும்.

நாங்கள் நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸானவர்கள். எங்களால் என்ன உதவி செய்ய முடியும்?

நிறைய. தமிழிலேயே பேசுங்கள். அலசும் புத்தி எந்த மொழியில் வளர்ந்தாலும் ஆங்கில எஸ்ஸேயில் வந்து நிற்கும். விகடனிலோ குமுதத்திலோ வந்த ஓர் அட்டைக் கட்டுரையைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டுங்கள். "பெயர் சொல்ல விரும்பாத கட்சிப் பிரமுகர்" என்று வருகிறதே, அவர் யாராக இருக்கலாம், அவருக்கு இதில் என்ன லாபம் என்று கேளுங்கள். பிள்ளை உற்சாகமாகப் பேசும்.

உங்கள் கருத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அது ஒன்றுதான் எச்சரிக்கை. "இந்த ஆள் சொல்வது தப்பு" என்று அப்பா சொல்லிவிட்டால் பிள்ளை அதை நிரூபிக்கத்தான் பார்க்கும். "இது உனக்கு எந்த வரியில் தெரிந்தது? காட்டு" என்று கேட்பதே பெரிய உதவி. வாக்கியங்களைத் திருத்தித் தரவும் வேண்டாம்.

சாட்ஜிபிடியிடம் கேட்டுச் சுருக்கம் வாங்கிக்கொள்ளலாமா?

முதலில் உன் ஆசிரியரின் விதி என்ன என்று பார். அனுமதி இருந்தாலும், சுருக்கத்தில் ஹாலின் கெஞ்சல் இருக்காது, நீட்ஷேயின் கண் இருக்காது. நீ எழுத வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வகுப்பில் இந்தியாவைப் பற்றிய கட்டுரை வந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என்ன செய்ய?

இந்தியா முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு உனக்கு இல்லை. அதை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லலாம், புரிந்துகொள்வார்.

பேச வேண்டும் என்று தோன்றினால், கட்டுரையாளர் யாரிடமெல்லாம் பேசினார் என்று எண்ணிப் பார். டெல்லியில் நாலு பேரிடம் பேசிவிட்டு 'இந்தியர்கள்' என்று எழுதியிருக்கிறாரா? யாரெல்லாம் தங்கள் சொந்த வார்த்தையில் பேசுகிறார்கள், யாரைப் பற்றி மற்றவர்கள் மட்டும் பேசுகிறார்கள்? மதுரையில் பாட்டி வீட்டில் நீ பார்த்தது இதற்கு மாறாக இருந்தால் அதையும் சொல்லலாம், ஒரு குடும்பத்தின் அனுபவம் என்று சொல்லித்தான். காரின் நண்பர்களுக்கு என்ன அளவுகோல் வைத்தாயோ அதுவே பாட்டிக்கும்.

மேற்கோள் கொடுப்பதில் விதி ஏதாவது?

பள்ளிகளில் பெரும்பாலும் எம்எல்ஏ (Modern Language Association) முறை. கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள், பத்திரிகைப் பெயர் சாய்வெழுத்தில். நீளமான மேற்கோள்களைத் தவிர்த்து, நாலைந்து சொற்களை எடுத்து உன் வாக்கியத்துக்குள்ளேயே வைத்து எழுதிப் பழகு.

நல்ல கட்டுரைகள் எல்லாம் சந்தா கேட்கின்றன. இலவசமாக எங்கே கிடைக்கும்?

ஊர் நூலக அட்டை ஒன்று போதும். லிபி (Libby) செயலியில் பல நூலகங்கள் பத்திரிகைகளையும் தருகின்றன. பள்ளி நூலகங்கள் பலவற்றில் எப்ஸ்கோ, கேல் போன்ற தரவுத்தளங்களுக்கு மாணவர் கணக்கு இருக்கும். அங்கே தேடும்போது வெறும் எழுத்து வடிவத்தோடு நின்றுவிடாதே. அதில் படம், அட்டை, பக்கத்தில் வந்த விளம்பரம் எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். அச்சில் வந்த பக்கத்தின் ஸ்கேன் இருக்கிறதா என்று நூலகரிடம் கேள். இல்லாவிட்டாலும் பழைய இதழை வரவழைத்துத் தர முடியுமா என்று பார்த்துச் சொல்வார்.